7 வயசுப் பையனின் ஸ்பைரோமெட்ரி: மெஷின் "எஃப்" தரம் போடுகிறது, ரிப்போர்ட்டை ஏற்கலாமா?

ஊதுகுழல் (கேள்வி)

குழந்தைகள் கிளினிக் ஒன்றில் ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷினில் ஊத வைத்து நுரையீரல் செயல்திறனை அளக்கும் சோதனை, எடுக்கும் டெக்னீஷியன் நான். பெரியவர்களிடம் வராத பிரச்சினை 5 முதல் 10 வயசுப் பிள்ளைகளிடம் வருகிறது. பாதிப் பேருக்கு "ஊதியது போதாது, தரம் எஃப்" என்றே மெஷின் சொல்கிறது. ஒரு உதாரணம் தருகிறேன்.

பையன், 7 வயசு, உயரம் 120 செ.மீ. அடிக்கடி வீசிங், ராத்திரி இருமல்.

மருந்துக்கு முன் (எஃப்.வி.சி என்பது முழு மூச்சு இழுத்து ஊதியதில் வெளியே வந்த மொத்தக் காற்று, எஃப்.இ.வி.1 அதில் முதல் வினாடியில் வந்தது, இரண்டும் லிட்டரில்):
1-வது ஊதல்: எஃப்.வி.சி 1.42 லிட்டர், எஃப்.இ.வி.1 1.19, ஊதிய நேரம் 2.4 வினாடி
2-வது: 1.40, 1.17, 2.2 வினாடி
3-வது: 1.21, 1.07, 1.2 வினாடி

இந்த வயசுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் எஃப்.இ.வி.1 1.38, எஃப்.வி.சி 1.55. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் 4 பஃப் கொடுத்து 15 நிமிஷம் கழித்து எடுத்ததில் எஃப்.இ.வி.1 1.36, எஃப்.வி.சி 1.48. மெஷின் கடைசியில் போட்டது: "6 வினாடி எட்டவில்லை. தரம் எஃப். மருந்துக்கு எதிர்வினை இல்லை."

என் சந்தேகங்கள்:
6 வினாடி ஊத வைப்பது எப்படி?
எதிர்பார்ப்பு அளவுக்கு மெனுவில் காக்கேசியன், தென்கிழக்கு ஆசியா, மற்றவை என்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது?
மருந்துக்கு முன் எஃப்.இ.வி.1 எதிர்பார்ப்பு அளவில் 86 சதவீதம், அதாவது நார்மல். அப்படியானால் ஆஸ்துமா இல்லை என்று எழுதலாமா?

---

வளைகோடு

முதல் கேள்விக்கு நேரடி பதில்: ஊத வைக்க வேண்டாம். இந்தப் பையனால் 6 வினாடி ஊத முடியாது, அவனுக்கு அது தேவையும் இல்லை. மார்பு சிறியது, மூச்சுக்குழாய் அந்த மார்பின் அளவோடு ஒப்பிட்டால் அகலமானது, அதனால் நுரையீரல் இரண்டு மூன்று வினாடிக்குள் காலியாகிவிடுகிறது. அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்களின் (ஏ.டி.எஸ் / இ.ஆர்.எஸ்) 2005-ம் வருஷத்து விதியிலேயே 10 வயசுக்குக் கீழ் 3 வினாடிதான் கேட்டார்கள். 2019 திருத்தத்தில் அந்தக் கணக்கையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பார்க்க வேண்டியது, கடைசி ஒரு வினாடியில் கொள்ளளவு 25 மி.லி.க்கு மேல் கூடாமல் கோடு தட்டையாகிறதா என்பதை. தட்டையாகாமல் மூச்சு முட்டி நிறுத்திவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது: அந்த ஊதலின் எஃப்.வி.சி, அதே சோதனையில் அதற்கு முன் வந்த பெரிய எஃப்.வி.சி.யோடு 150 மி.லி.க்குள் ஒத்துப் போனாலோ அதைத் தாண்டினாலோ ஏற்கலாம். உங்கள் மெஷின் பழைய பெரியவர் விதியில் ஓடுகிறது. செட்டிங்கில் "2019" இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மெஷின் போடும் தரத்தைக் கண்டுகொள்ளாமல் கோட்டைப் பார்த்து நீங்களே தரம் போடுங்கள்.

உங்கள் மூன்று ஊதலையும் கையால் போட்டால் இப்படி வரும். 1-ம் 2-ம் தட்டையானவை என்றே எடுத்துக்கொள்கிறேன், லூப்பை (ஊதும் வேகத்தைக் கொள்ளளவோடு சேர்த்துக் காட்டும் கோட்டை) பார்த்து உறுதி செய்யுங்கள். எஃப்.வி.சி வித்தியாசம் 20 மி.லி., எஃப்.இ.வி.1 வித்தியாசமும் 20 மி.லி. 6 வயசுக்கு மேல் 150 மி.லி.க்குள் இருந்தாலே போதும். 3-வது பாதியில் விட்டது, எஃப்.வி.சி.க்கு ஆகாது. ஆனால் தொடக்கம் சுத்தமாக இருந்து முதல் வினாடியில் இருமலும் தொண்டை அடைப்பும் இல்லையென்றால் எஃப்.இ.வி.1-க்கு அதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆக எஃப்.இ.வி.1-க்குத் தரம் ஏ, எஃப்.வி.சி.க்குத் தரம் பி. இரண்டுக்கும் தனித்தனியாகத் தரம் போட வேண்டும் என்பதும் 2019 விதியில் இருப்பதுதான். ஒரே எழுத்தில் "எஃப்" என்று குத்திவிடுவது அநியாயம்.

3-வது ஊதலில் இன்னொன்றைக் கவனியுங்கள். எஃப்.இ.வி.1 / எஃப்.வி.சி விகிதம், அதாவது 1.07-ஐ 1.21-ஆல் வகுத்தால், 0.88. முழுசாக ஊதியதில் 1.19 / 1.42 = 0.84. விகிதம் குறைவதுதான் மூச்சுக்குழாய் அடைப்பின் அடையாளம்; பாதியில் விட்ட ஊதல் விகிதத்தை உயர்த்திக் காட்டி அந்த அடைப்பை மறைக்கிறது. பிள்ளைகளிடம் நடக்கும் பெரிய தப்பு இதுதான். எஃப்.இ.எஃப் 25–75-ம் (ஊதலின் நடுப்பாதியில் வரும் சராசரி ஓட்டம்) இதே காரணத்தால் பொய்யாக ஏறும்.

தொடக்கத்துக்கான அளவுகோல், பின்னோக்கி நீட்டிக் கணக்கிடும் கொள்ளளவு (ஊதல் வேகம் பிடிப்பதற்கு முன் மெதுவாகக் கசிந்த காற்று): எஃப்.வி.சி.யில் 5 சதவீதம் அல்லது 100 மி.லி., இரண்டில் எது பெரிதோ அதற்குள். இவனுக்கு 5 சதவீதம் 71 மி.லி.தான், எனவே வரம்பு 100.

இனி ஊத வைக்கும் விதம். "பலூன் ஊதுற மாதிரி ஊது கண்ணு" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். பலூன் ஊதும் பிள்ளை கன்னத்தை உப்பி, உதட்டை இறுக்கி, மெதுவாக அழுத்தம் ஏற்றும். லூப்பில் உச்சி மழுங்கி, தொடக்கம் சரிந்து வரும். கண்ணாடியில் ஆவி பிடிக்க "ஹா" என்று விடுவதை முதலில் மெஷின் இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். தொண்டை திறந்திருக்கும் உணர்வு அதில் வந்துவிடும். அதையே வேகமாக "ஹாஆஆ" என்று விட வைத்து, அப்புறம் காலி மௌத்பீஸைக் கையில் கொடுத்து இரண்டு தடவை. மெஷின் அதற்குப் பிறகுதான்.

உட்காரும் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது. கால் தொங்கினால் கீழே முக்காலி போடுங்கள். தாடை லேசாக மேலே. மௌத்பீஸ் பல்லுக்கு நடுவில், நாக்கு அதற்கு அடியில். மூக்கு கிளிப் மாட்டுங்கள். சில பிள்ளைகள் கிளிப்பைப் பார்த்தே அழும், அப்போது அதை விட்டுவிட்டுச் சோதனையை எடுத்து ரிப்போர்ட்டில் குறித்துவிடலாம். "இழு, இழு, இன்னும் இழு" என்று சொல்லி, நிரம்பியதும் 2 வினாடிக்கு மேல் தேக்க விடாமல் "ஊது!" அந்த ஒரு சொல் வெடித்து வர வேண்டும். அதன் பிறகு குரலைத் தணித்து "விடு விடு விடு, இன்னும் இருக்கு" என்று இழுங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே கத்தலாகக் கத்தினால் பிள்ளை பயந்து நிறுத்திவிடும்.

திரையில் வரும் மெழுகுவத்தி அணைக்கும் விளையாட்டு உச்ச வேகத்துக்கு நல்லது. வத்தி அணைந்ததும் வேலை முடிந்தது என்று பிள்ளை வாயை எடுத்துவிடும், அங்கேதான் எஃப்.வி.சி கெடுகிறது. பந்து உருண்டு போய்க் கட்டைகளைத் தள்ளும் விளையாட்டு மாதிரி கடைசி வரை ஊதினால்தான் முடியும் ஒன்றை இரண்டாவதாக வையுங்கள்.

---

ஊதுகுழல்

நன்றி சார். இருமல் வந்தால், தொண்டை அடைத்தால் லூப்பில் எப்படித் தெரியும்? எத்தனை தடவை ஊத வைக்கலாம்? எட்டோடு நிறுத்த வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

---

வளைகோடு

இருமல் என்றால் இறங்கும் கோட்டில் ரம்பப் பல் மாதிரி வெட்டு விழும். முதல் வினாடிக்குள் விழுந்தால் அந்த ஊதல் எஃப்.இ.வி.1-க்கு ஆகாது. தொண்டை அடைப்பு அப்படி இருக்காது. நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் கோடு திடீரென்று நேர் கீழாக விழுந்து சைபரைத் தொடும். கொள்ளளவு–நேரம் கோட்டில் அது அருமையான தட்டை மாதிரித் தெரியும் என்பதால் மெஷினும் ஏமாறும், ஆட்களும் ஏமாறுவார்கள். இரண்டு கோட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊதி முடித்ததும் மௌத்பீஸை எடுக்காமல் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அந்த உள்மூச்சு, வெளியே விட்டதைவிட 100 மி.லி. அல்லது 5 சதவீதத்துக்கு மேல் (எது பெரிதோ) கூடுதலாக இருந்தால், பிள்ளை முழுசாக நிரப்பாமலே ஊத ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

எட்டு என்பது பெரியவர்களுக்கான வழக்கம். பிள்ளைகளின் ஊதலில் பாதி ஒத்திகைதான், அதனால் கூடுதலாகவும் போகலாம், நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து. ஆனால் எஃப்.இ.வி.1 ஒவ்வொன்றாக இறங்கி முதல் அளவின் 80 சதவீதத்துக்குக் கீழ் போனால் உடனே நிறுத்துங்கள். ஊதியதே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டது. அது களைப்பு இல்லை, டாக்டரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

---

பஞ்சுமேகம்

குழந்தைகள் சுவாசப் பிரிவு டாக்டர். மற்ற இரண்டு கேள்விக்கும் என் பதில்.

86 சதவீதம் என்பதை வைத்து "ஆஸ்துமா இல்லை" என்று எழுதவே கூடாது. வீசிங் இல்லாத நாளில் ஆஸ்துமாப் பிள்ளையின் எஃப்.இ.வி.1 நார்மலாக இருப்பதுதான் வழக்கம்; கடுமையான ஆஸ்துமாவிலும் அப்படி இருக்கலாம். விகிதத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது பொதுவாக 0.90-க்கு மேல் இருக்கும் என்று ஜினா (ஆஸ்துமாவுக்கான உலக அமைப்பு) வழிகாட்டி சொல்கிறது. 5 முதல் 16 வயசுக்கான 2021 இ.ஆர்.எஸ் வழிகாட்டி, 0.80-க்குக் கீழ் அல்லது நார்மலின் கீழ்வரம்புக்குக் கீழ் போனால் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. 0.84 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதாவது சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. பெரியவர்களின் 0.70 கணக்கை இங்கே கொண்டுவந்தால் ஒரு பிள்ளைக்கும் அடைப்பு இருக்காது!

இப்போது மருந்துக்குப் பின். எஃப்.இ.வி.1 1.19-லிருந்து 1.36, கூடியது 170 மி.லி. முந்தைய அளவில் 14.3 சதவீதம். எதிர்பார்ப்பு அளவான 1.38-ல் 12.3 சதவீதம். விகிதமும் 0.84-லிருந்து 0.92-க்கு ஏறியிருக்கிறது. பிறகு ஏன் "எதிர்வினை இல்லை" என்றது மெஷின்? "12 சதவீதமும் 200 மி.லி.யும்" என்ற பெரியவர் விதி. மொத்தமே 1.19 லிட்டர் வைத்திருக்கும் பிள்ளை 200 மி.லி. ஏற வேண்டும் என்றால் அது 17 சதவீதம். ஜினா பிள்ளைகளுக்கு மி.லி. கணக்கே கேட்பதில்லை, எதிர்பார்ப்பு அளவில் 12 சதவீதம் ஏறினால் போதும். ஏ.டி.எஸ் / இ.ஆர்.எஸ்-ன் புதிய விளக்க விதியோ எதிர்பார்ப்பு அளவில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் எதிர்வினை என்கிறது. பிள்ளைகளுக்குப் பொருந்தும் இந்த இரண்டு கணக்கிலும் இந்தப் பையனுக்கு எதிர்வினை உண்டு. அறிகுறியோடு சேர்த்துப் பார்த்தால் ஆஸ்துமாவுக்கு இது நல்ல ஆதாரம். மெஷினின் வாசகத்தை அடித்துவிட்டு எண்களை எழுதி டாக்டருக்கு அனுப்புங்கள்.

எதிர்வினை இல்லாமல் போவதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து முன்பே உள்ளே போயிருக்கும். "பஃப் அடிக்கவில்லை" என்று அம்மா சொல்வார், உண்மைதான். காலையில் கொடுத்த இருமல் சிரப்பில் டெர்பியூட்டலினோ சால்பியூட்டமாலோ இருந்திருக்கும். மாத்திரையில் டாக்ஸோஃபைலின் இருந்திருக்கும். வீட்டில் இருக்கும் எல்லா பாட்டிலையும் அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள், வாயால் கேட்டால் வராது. சோதனைக்கு முன் நிறுத்த வேண்டியவை: சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் பஃப் 4–6 மணி நேரம், இப்ராட்ரோப்பியம் 12 மணி, ஃபார்மோட்டிரால், சால்மெட்ரால் 24 மணி, வாய்வழி மூச்சுக்குழாய் விரிப்பான்கள் 12 மணியாவது. "தினசரி பஃப் ஸ்டீராய்டுதானே" என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். அது பியூடிசோனைடு–ஃபார்மோட்டிரால் கலவையாக இருந்தால் 24 மணி விதியில் வரும். தனி ஸ்டீராய்டு பஃப்பை நிறுத்தத் தேவையில்லை. மூச்சு வாங்கும் பிள்ளைக்கு எதையும் நிறுத்த வேண்டாம், சோதனையைத் தள்ளிப் போடுங்கள். சிகிச்சையில் கட்டுப்பாடு எப்படி என்று பார்க்கத்தான் சோதனை என்றாலும் நிறுத்த வேண்டாம், கடைசியாக எடுத்த நேரத்தை மட்டும் குறியுங்கள்.

4 பஃப் என்றால் 100 மைக்ரோகிராம் வீதம் ஒவ்வொன்றாக, ஸ்பேசர் (பஃப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழல்) வழியாக. நாலையும் ஒரே தடவையில் ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு உறிஞ்சச் சொல்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். துளிகள் ஒட்டி, பாதி மருந்து சுவரிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பஃப்புக்கும் முன் குலுக்கி, அடித்து, 5–6 சாதாரண மூச்சு, அரை நிமிஷ இடைவெளி, அடுத்தது. புது ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

எதிர்பார்ப்பு அளவு. எதிர்பார்ப்பு அளவைக் கணக்கிடும் ஜி.எல்.ஐ (நுரையீரல் அளவுகளுக்கான உலகக் குழு) 2012 சூத்திரத்தில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. "தென்கிழக்கு ஆசியா" என்பது நாம் இல்லை. பெயரைப் பார்த்து அதைத் தட்டிவிடாதீர்கள். இந்தியப் பிள்ளைகளுக்கு "மற்றவை / கலப்பு" போடுவதே வழக்கமாக இருந்தது. இப்போது இனப் பிரிவே இல்லாத ஜி.எல்.ஐ குளோபல் சூத்திரம் வந்துவிட்டது, 2023-ல் ஏ.டி.எஸ் அதைப் பரிந்துரைத்தது. மென்பொருளில் இருந்தால் அதைப் போடுங்கள். எதைப் போட்டாலும் ஒரு பிள்ளைக்குக் கடைசி வரை அதே. நடுவில் மாற்றினால் பிள்ளை ஒரு மாசத்தில் குணமானது போலவோ மோசமானது போலவோ ரிப்போர்ட் காட்டும். எஃப்.இ.வி.1 / எஃப்.வி.சி விகிதம் இனப் பிரிவுக்கு ஏற்ப அதிகம் மாறாது என்பது கூடுதல் வசதி. நார்மலா இல்லையா என்பதற்கு 80 சதவீதத்தை விட்டுவிட்டு இசட் ஸ்கோர் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) பாருங்கள், கீழ்வரம்பு மைனஸ் 1.645.

பிறந்த தேதியைச் சரியாகப் போடுங்கள், "7" என்று முழு எண்ணாகப் போடாதீர்கள். உயரம் அன்றே அளக்க வேண்டும், செருப்பு, ஷூ இல்லாமல், குதிகால் சுவரைத் தொட. 120 செ.மீ. பிள்ளைக்கு 1 செ.மீ. தப்பு எதிர்பார்ப்பு எஃப்.இ.வி.1-ஐ ஏறத்தாழ 2 சதவீதம் நகர்த்தும். பள்ளி ஷூவோடு 3 செ.மீ. கூடினால் நார்மல் பிள்ளையும் குறைந்ததாகத் தெரியும்.

---

மூணுலிட்டர்

மெஷின் பக்கம் யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

3 லிட்டர் காற்றைத் தள்ளும் சிரிஞ்சில் மெஷினுக்குத் தினமும் காலையில் சரிபார்ப்பு. மூன்று வேகம்: 6 வினாடியில் ஒரு தள்ளு, 1–2 வினாடியில் ஒன்று, அரை வினாடியில் ஒன்று. மூன்றும் 2.91-க்கும் 3.09-க்கும் நடுவில் விழ வேண்டும். மெதுவான தள்ளில் மட்டும் தவறினால் பிள்ளைகளின் ரிப்போர்ட்தான் முதலில் கெடும், அவர்களின் ஓட்டம் குறைவு. சோதனையில் ஃபில்டர் போடுவீர்கள் என்றால் சரிபார்ப்பிலும் அதே ஃபில்டர் இருக்க வேண்டும். சிரிஞ்சு மெஷின் இருக்கும் அறையிலேயே இருக்கட்டும், ஏ.சி. அறை மெஷினுக்கு வெளிவராந்தா சிரிஞ்சு ஆகாது. மாசம் ஒரு தடவை சிரிஞ்சின் வாயை அடைத்துத் தள்ளிப் பாருங்கள், உள்ளே போனால் கசிவு.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். டர்பைன் சென்சாரின் இறக்கை ஃபேன் காற்றிலேயே மெல்லச் சுற்றும். நியூமோடாக் வகையில் (வலை வழியே போகும் காற்றின் அழுத்த வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தை அளப்பது) வேறு தொல்லை: மெஷின் சைபர் பிடிக்கும், அதாவது ஓட்டமே இல்லாத நிலையைப் பதிக்கும், நேரத்தில் காற்று அடித்தாலோ, பிள்ளை அதற்குள் வாயில் வைத்து மூச்சு விட்டாலோ சைபர் தப்பாகப் பதியும். அப்புறம் ஊதி முடித்த பிறகும் கொள்ளளவு கோடு தட்டையாகாமல் நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும், இல்லை இறங்கும். "இந்தப் பிள்ளை 9 வினாடி ஊதியிருக்கே" என்று சந்தோஷப்படாமல் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சைபர் பிடிக்கும்போது சென்சாரின் வாயைப் பொத்தி, அசைக்காமல் பிடிக்க வேண்டும்.

நியூமோடாக் வலையில் எச்சில், ஆவி படிந்தால் தடை கூடி அளவு ஏறும். வரிசையாக நாலு பிள்ளை எடுத்ததும் ஒரு தடவை சிரிஞ்சு சரிபார்ப்பு செய்தால் தெரிந்துவிடும்.

டி.பி. சந்தேகம் உள்ளவர்களுக்கு எடுக்காதீர்கள், ஃபில்டர் இருந்தாலும்.

---

பஞ்சுமேகம்

எஃப்.இ.எஃப் 25–75 பற்றி ஒரு வரி. வளைகோடு சார் அதை ஒரேயடியாக ஒதுக்குகிறார் என்று தோன்றியது. எஃப்.வி.சி இரண்டு தடவையும் ஒத்துப்போனால், அடைப்பால் குழிந்த லூப்பைச் சுட்டிக்காட்ட அது உதவும். அதை மட்டும் வைத்து "சிறு குழாய் நோய்" என்று எழுதுவதுதான் தப்பு.

---

வளைகோடு

ஒதுக்கவில்லை டாக்டர். மருந்துக்கு முன்னும் பின்னும் எஃப்.வி.சி மாறியிருந்தால் அந்த எண்ணை ஒப்பிடவே முடியாது என்பதுதான் என் குறை. மேலே உள்ள பையனுக்கே 1.42, 1.48. இரண்டு அளவும் நுரையீரலின் வேறு வேறு பகுதியிலிருந்து வருகின்றன.

---

ஊதுகுழல்

2019 விதிக்கு மாற்றும் இடத்தை மெனுவில் கண்டுபிடித்துவிட்டேன். கடைசியாக இரண்டு. 4 வயசுப் பிள்ளை வந்தால் திருப்பி அனுப்புவதா? ஓடினால் மட்டும் இருமல் வரும் பிள்ளைக்கு ஸ்பைரோமெட்ரி முழுக்க நார்மலாக வந்தால் என்ன செய்வது?

---

பஞ்சுமேகம்

4 வயசில் சிலர் ஊதிவிடுவார்கள். மூச்சு ஒரு வினாடிக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் 6 வயசு வரை எஃப்.இ.வி 0.75-ஐயும் (முதல் முக்கால் வினாடியில் வந்த காற்று) குறியுங்கள். ஊதல்கள் ஒத்துப்போக வேண்டிய அளவு 100 மி.லி. அல்லது 10 சதவீதம், எது பெரிதோ. முடியாதவர்களுக்கு ஆசிலோமெட்ரி இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அதில் ஊத வேண்டியதில்லை, மெஷின் அனுப்பும் அதிர்வைத் தாங்கிச் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். கன்னத்தை இரண்டு உள்ளங்கையாலும் பெரியவர் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் அதிர்வு கன்னத்திலேயே கரைந்துவிடும். 16 வினாடிப் பதிவு மூன்று, ஒன்றுக்கொன்று மாறுபாடு 15 சதவீதத்துக்குள். மருந்துக்குப் பின் 5 ஹெர்ட்ஸ் அதிர்வில் அளந்த மூச்சுக்குழாய்த் தடை 40 சதவீதம் இறங்கினால் எதிர்வினை.

ஓடினால் வரும் இருமலுக்கு உடற்பயிற்சிச் சோதனை. டிரெட்மில்லில், மூக்கு கிளிப் போட்டு, 6–8 நிமிஷம், இதயத் துடிப்பு உச்சத்தில் 80–90 சதவீதத்துக்குச் சீக்கிரம் ஏறி அங்கேயே நிற்க வேண்டும். முன்பும், முடிந்த 5, 10, 15, 30-ம் நிமிஷமும் எஃப்.இ.வி.1. பிள்ளைகளுக்கு எதிர்பார்ப்பு அளவில் 12 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பாசிட்டிவ். டாக்டரும் சால்பியூட்டமாலும் ஆக்சிஜனும் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது. "கிளினிக் வாசலில் ஓடவிட்டுப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்புகிறார்கள். குழாயைச் சுருக்குவது உலர்ந்த காற்று. காற்றில் லிட்டருக்கு 10 மி.கி.க்குக் கீழ் ஈரம் இருக்க வேண்டும். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள கடலோரப் புழுக்கத்தில் அது 21 மி.கி. அங்கே ஓடி நெகட்டிவ் வந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஏ.சி. அறை, டிரெட்மில் உள்ள இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போதே, நடுத்தொண்டையில், மூச்சை உள்ளே இழுக்கையில் சத்தம் வந்து, நின்ற சில நிமிஷத்தில் சரியானால் ஆஸ்துமாவைவிடக் குரல்வளையைச் சந்தேகப்படுங்கள். அப்போது லூப்பின் கீழ்ப்பாதி, உள்மூச்சுப் பகுதி, தட்டையாக வரும். அதனால் பயிற்சிக்குப் பிறகு எடுக்கும் ஊதலிலும் உள்மூச்சைப் பதிவு செய்யாமல் மௌத்பீஸை எடுக்க விடாதீர்கள்.